பாக்டீரியா சோறு போடுமா?

கண்ணுக்கே தெரியாத ஒரு பாக்டீரியாவின் ஜீன்களைப் படிக்க இவ்வளவு செலவு தேவைதானா என்று நம் சங்க நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். தேவைதான் என்பது என் கருத்து.

புரோகுளோரோகாக்கஸ் என்ற கடல் பாக்டீரியாவை எடுத்துக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது. 1988-ல் இதைப் பற்றி உலகுக்கு அறிவித்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானி சாலி சிஸ்ஹோம் அம்மையாரும் அவர் குழுவினரும். வெப்பக் கடல்களில் ஒரு சொட்டு நீரில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். செடிகளைப் போலவே வெயிலைக் கொண்டு கரியமில வாயுவை உணவாக்குகிறது. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில்தான் நடக்கிறது. அதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

2003-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். மேல்மட்டத்தில் நல்ல வெயிலில் வாழும் வகைக்குச் சுமார் 16.6 லட்சம் எழுத்துக்கள். ஜீன்கள் 1,700 தான். ஆழத்து மங்கிய வெளிச்சத்தில் வாழும் வகைக்கு 24 லட்சம். ரயில்வேக்காரனுக்கு இது எளிதில் புரியும். சமவெளிக்கு ஒரு எஞ்சின், மலைப்பாதைக்கு வேறு எஞ்சின்.

இதனால் என்ன லாபம்? மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் வாங்கிக் கொள்கிறது. கடல் சூடேறினால் அந்தக் கணக்கு எப்படி மாறும் என்று சொல்ல, அங்கே வேலை பார்ப்பது யார், எப்படி என்று முதலில் தெரிய வேண்டும். மண்ணைச் சோதிக்காமல் எந்தப் பாலத்துக்கும் நாங்கள் அஸ்திவாரம் போட்டதில்லை. மண் சோதனைக்கு ஆகும் பணத்தை யாரும் வீண் என்று சொன்னதுமில்லை.

ஊர் விட்டு ஊர் வந்த நாம், பிள்ளைகளிடம் "வேலை கிடைக்கிற படிப்பாகப் படி" என்கிறோம். அந்தப் பயம் நியாயமே. நானும் டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்கு வந்தவன்தான். ஆனால் உயிரியலில் ஆசைப்படும் பெண்ணிடம் "பாக்டீரியா சோறு போடுமா?" என்று கேட்டு வாயை அடைக்க வேண்டாம். 1966-ல் தொடங்கப்பட்ட தேசியக் கடலியல் நிறுவனம் கோவாவில் இயங்கி வருகிறது. அந்த மரபணு எழுத்துக்களோ இலவசமாக எவரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வீட்டிலிருந்தே அவற்றை ஆராயத் தொடங்கலாம்.

கடலில் மீன் வளர்வதே இப்படிப்பட்ட நுண்ணுயிர்கள் சமைக்கும் உணவினால்தான். சோறு போடுமா என்ற கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.