நாய்க்கடிக்குக் கிண்ணத் தண்ணீரா?



நாலு நாளாக நம் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அரபு எழுத்து பொறித்த பித்தளைக் கிண்ணம். அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் நாய்க்கடி, பாம்புக்கடி விஷமெல்லாம் இறங்குமாம். என்னிடம் அறிவியல் படித்த பிள்ளைகளே ‘ஆமீன்’ போட்டுப் பகிர்கிறார்கள்!

இப்படிக் கிண்ணம் உண்டா என்றால், உண்டு. சிரியாவை ஆண்ட நூருத்தீன் ஸங்கிக்காக ஹிஜ்ரி 565-இல், அதாவது கி.பி. 1169-70-இல் ஒன்று செய்திருக்கிறார்கள். இந்த வகைக் கிண்ணங்களில் குர்ஆன் வசனங்களோடு, பாம்பு, தேள், வெறிநாய்க்கடி, காய்ச்சல், வயிற்றுவலி, பிரசவ வேதனை என்று பட்டியலும் வெட்டியிருக்கும். நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் குடிக்கலாம் என்றுகூட எழுதியிருக்கும். (அந்த வரியை நினைத்தால் எனக்கு மனம் கசியும்.)

நம் பக்கம் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் எழுதிக் கரைத்துக் குடிப்பதும், மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் பிள்ளையும் செம்புத் தண்ணீருமாகத் தாய்மார்கள் நிற்பதும் இதே வம்சம்தான். அங்கே மதம் பார்த்து யாரும் நிற்பதில்லை. அதைக் கேலி பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் 1885-இல் லூயி பாஸ்டரின் ஊசி வரும்வரை வெறிநாய்க்கடிக்கு எந்த சுல்தானிடமும் மருந்து கிடையாது. வேறு வழியில்லாதவர்கள் கையில் இருந்தது அந்தக் கிண்ணம். அரசு மருத்துவமனையில் இலவசமாக ஊசி கிடைக்கும்போது நமக்கு என்ன கேடு?

‘எங்க அத்தாவைப் பாம்பு கடிச்சப்ப ஓதின தண்ணி குடிச்சுத்தான் பிழைச்சார்’ என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். பிழைத்திருப்பார். நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே கிடையாது. விஷப்பாம்பும் சில நேரம் விஷம் இறக்காமல் கடிக்கும். பெயர் தண்ணீருக்குப் போய்விடும். கட்டுவிரியன் அப்படியில்லை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் அவ்வளவாகத் தெரியாது. விடிவதற்குள் இமை சொருகும், பிறகு மூச்சு திணறும். திராட்சைத் தோட்டக் காவலுக்குப் போய்ப் படுப்பவர்கள் வீட்டில் இதைச் சொல்லிவையுங்கள்.

நாய் கடித்தால் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே முதல் ஊசி, மீதி ஊசிகளும் தேதி தவறாமல். பாம்பு என்றால் கடிபட்டவரை நடக்கவிடாமல் கம்பம் மருத்துவமனைக்கோ க.விலக்குக்கோ கொண்டுபோங்கள். வண்டியில் போகும்போது ஓதுங்கள், நானும் ஓதுகிறேன்.

விளம்பரத்தைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள். யார் வீட்டிலாவது நன்னிமா வைத்துப்போன பழைய கிண்ணம் இருந்தால், எடைக்குப் போடாமல் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.