விடுவிப்புச் சான்றிதழ் சோறு போடாது

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. எல்லோரும் இரக்கப்பட்டோம். அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள் ஏன் இருளர்களாக இருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் அந்த இரக்கத்தில் கரைந்துபோனது.

கடன் வாங்காத சாதி இந்த நாட்டில் இல்லை. ஆனால் கடனுக்கு ஈடாகத் தன் உடம்பையும் பிள்ளைகளின் உடம்பையும் கொடுக்க வேண்டிய நிலை யாருக்கு வருகிறது? நகையோ நிலப் பத்திரமோ இருப்பவர் வங்கிக்குப் போகிறார். இரண்டும் இல்லாதவர் மேஸ்திரியிடம் போகிறார். அந்த இல்லாமையை உண்டாக்கியது சாதி.

செங்கல் சூளையை எடுத்துக்கொள்வோம். வேலையில்லாத மாதங்களில் மேஸ்திரி ஊருக்கே வந்து முன்பணம் தருவார். பெரும்பாலும் அவர் தெரிந்தவர், சில வேளை உறவினர். பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போக வேண்டும். கணவனும் மனைவியும் கல் அறுக்க, பிள்ளைகள் கல்லைத் திருப்பிக் காய வைப்பார்கள். வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும். மீதிக் கணக்கெல்லாம் முதலாளியின் நோட்டில். மழைக்கு முன் கணக்குப் பார்த்தால் கடன் பாக்கி நிற்கும். அடுத்த ஆண்டும் அதே சூளை. ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வரும் தலித், பழங்குடிக் குடும்பங்களின் கதையும் இதுதான். கூடுதலாக, அவர்களுக்கு மொழியும் தெரியாது.

கயிற்றால் கட்டித் தூக்கிப் போனால்தான் ஆள்கடத்தல் என்று நம் பொதுப்புத்தி நினைக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுரண்டலுக்காக ஏமாற்றியோ ஆசைகாட்டியோ ஆள் சேர்த்தால் அது ஆள்கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது அங்கே பொருட்டல்ல. 2013 திருத்தத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு இதைச் சொன்னது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு சொல்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது.

இவ்வளவு இருந்தும் ஓட்டை எங்கே? கோட்டாட்சியர் விசாரணையில் கொத்தடிமை என்ற சொல்லை எழுதக் கை வருவதில்லை. எழுதினால் தன் மாவட்டத்தில் கொத்தடிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே 'கூலித் தகராறு' என்று எழுதி, இரு தரப்பையும் சமாதானப்படுத்தி அனுப்புகிறார்கள். விடுவிப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மறுவாழ்வுப் பணமும் இல்லை.

சான்றிதழ் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. 2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. ஆனால் முழுத் தொகையை வழக்கின் முடிவோடு கட்டிப்போட்டது. உடனடி உதவி 2022க்குப் பிறகு அதிகபட்சம் 30,000 ரூபாய். வழக்கு முடியும்வரை அதை வைத்து ஒரு குடும்பம் எத்தனை மாதம் சாப்பிடும்? ஆய்வுக்காக நான் சந்தித்த ஒரு அம்மா, சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரையில் செருகி வைத்திருந்தார். "இதை வச்சு ரேஷன் அரிசி கூட வாங்க முடியலப்பா" என்றார். மீட்கப்பட்ட மறு ஆண்டே அவர் குடும்பம் வேறொரு சூளையில் முன்பணம் வாங்கியிருந்தது.

அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வத்தன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். ஊருக்குச் செய்யும் அடிமை ஊழியத்திலிருந்து மகர்கள் விடுபட வேண்டும், ஆனால் நிலம் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாழ வழியில்லாத விடுதலை நிலைக்காது என்பதை அவர் அன்றே கண்டிருந்தார்.

2018இல் மக்களவை நிறைவேற்றிய ஆள்கடத்தல் தடுப்பு மசோதா மறு ஆண்டே காலாவதியானது. 2021 வரைவும் சட்டமாகவில்லை. புதிய சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காவல்துறைக்கும் மீட்பு இல்லத்துக்கும் மட்டும் பலம் சேர்க்கும் சட்டம், ஒரு கூண்டிலிருந்து எடுத்து இன்னொரு கூண்டில் வைப்பதாகவே முடியும்.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தலித்துகளோ பழங்குடியினரோ மீட்கப்படும் ஒவ்வொரு வழக்கிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு சேர்க்கப்பட வேண்டும். கொத்தடிமை உழைப்பை அது வன்கொடுமை என்றே சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவானவுடனேயே நிவாரணத்தின் ஒரு பகுதியும் கிடைக்கும். மறுவாழ்வுத் தொகையைத் தண்டனையிலிருந்து துண்டித்து, சான்றிதழ் கிடைத்த கையோடு வழங்க வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழுக்களில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் மூவர் இருக்க வேண்டும் என்று 1976 சட்டம் சொல்கிறது. அவர்கள் யார், குழு எப்போது கூடியது என்பதை ஆட்சியர்கள் வெளியிட வேண்டும்.

நிதி இல்லை என்று தமிழக அரசு சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்று 2024இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் மீட்கப்பட்டவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா, விளைநிலம், சாதிச் சான்றிதழ், பிள்ளைகளுக்கு விடுதியுடன் கூடிய கல்வி என்று தனித் தலைப்பு ஒதுக்கட்டும். பஞ்சமி நிலங்களை மீட்டு அவர்களிடமிருந்தே தொடங்கட்டும்.

அடுத்த பொங்கலுக்கு முன்பும் மேஸ்திரி பணத்தோடு ஊருக்குள் வருவார். அதற்கு முன் அரசு வந்து சேர வேண்டும்.