நஞ்சுக்கொடியும் நமது கவனமும்

குழந்தை பிறந்ததும் அதைக் கையில் ஏந்துகிறோம். நஞ்சுக்கொடியை மண்ணில் புதைக்கிறோம், அல்லது ஆஸ்பத்திரிக் கழிவோடு அனுப்பிவிடுகிறோம். பசு ஈன்றால் அதன் கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கமேனும் கிராமங்களில் உண்டு. ஒன்பது மாதம் சிசுவுக்கு நுரையீரலாகவும் குடலாகவும் சிறுநீரகமாகவும் நின்று உழைத்த ஓர் உறுப்பை ‘நஞ்சு’ என்று அழைத்து வருவது விந்தையே. ஆயினும், அது தன் வேலையில் பிழைக்கும்போது அந்தப் பெயர் பொருந்தியே விடுகிறது.

இதை வேடிக்கைக்காக எழுதவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ம் வருஷத்தில் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் மாண்ட ஸ்திரீகள் சுமார் 2,60,000 பேர். இத்தகைய மரணங்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்குக் கர்ப்ப காலத்து இரத்த அழுத்த நோய்களே காரணம். அவற்றுள் கொடியது ப்ரீ எக்லாம்ப்ஸியா. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் ஏறும். பெரும்பாலும் சிறுநீரில் புரதம் கழியும். தலைவலியும் கண் மங்கலும் காணும். கவனியாது விட்டால் வலிப்பு வரும். நஞ்சு வெளியேறினாலன்றி இந்நோய் தீரத் தொடங்குவதில்லை. நோயின் வேர் எங்கே என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

அந்த வேர் பிடிக்கும் காலம் எது என்பதே நாம் கவனிக்க வேண்டுவது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் நஞ்சின் உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள சுருள் தமனிகளின் தசையைக் கரைத்து, அவற்றை அகன்ற வாய்க்கால்களாக ஆக்குகின்றன. இருபதாவது வாரத்துக்குள் இவ்வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். நிறைமாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கருப்பைக்குப் பாய வேண்டியிருக்கிறது. மதகு சரியாகத் திறவாத ஏரியின் கடைமடைப் பயிர்போல, தமனிகள் விரியாத கர்ப்பத்தில் சிசு மெலிகிறது. சாதாரண கர்ப்பத்தில் இத்தமனிகள் மாறும் விதத்தை 1967-ல் ப்ரோஸன்ஸ், ராபர்ட்ஸன், டிக்ஸன் ஆகிய மூவர் விவரித்தார்கள். இந்நோய் கண்டவர்களிடம் அம்மாறுதல் குறைப்பட்டிருப்பதும் புலனாயிற்று. பட்டினி கிடக்கும் நஞ்சு வாளாவிருப்பதில்லை. அது ஒருவகைப் புரதத்தைத் தாயின் இரத்தத்தில் மிகையாகக் கொட்டுகிறது என்றும், தாயின் இரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் கெடுவதில் அதற்குப் பங்குண்டு என்றும், 2003-ல் பாஸ்டன் நகரில் இந்திய வம்சத்தவரான ஆனந்த் கருமஞ்சியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

ஆகவே, ஏழாம் மாதத்தில் முகம் வீங்கி வரும் கர்ப்பிணியின் நோய் பல சமயங்களில் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே வித்திடப்பட்டது. நம் ஏற்பாடுகளோ பிரசவ வலியையே குறியாகக் கொண்டவை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100-க்கு 88-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடந்தன. சர்க்கார் இதில் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வந்த தாய்மார் 100-க்கு 70 பேர்தாம் என்று அதே கணக்கு சொல்லுகிறது. மற்ற முப்பது பேருக்கு யார் பொறுப்பு?

மருந்து அரிதானதோ விலை மிகுந்ததோ அன்று. அபாயம் மிகுந்த கர்ப்பிணிகளுக்குப் பதினான்காவது வாரத்துக்குள் தொடங்கி இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த பெரும் பரிசோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று; நிறைமாதத்துக்கு முன்பே பிரசவிக்க நேரும் ப்ரீ எக்லாம்ப்ஸியா அதில் பாதிக்குமேல் குறைந்தது. காலம் கடந்து கொடுத்தால் பயன் குன்றும். யாருக்கு வேண்டும் என்று வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். இது கடையில் வாங்கித் தாமே விழுங்கும் பண்டமன்று. நோய் முற்றியவர்களுக்கோ, பேதி உப்பு என்று நம்மவர் அறிந்த மக்னீஷியம் ஸல்பேட்டையே சுத்தம் செய்து ஊசியாகப் போடுகிறார்கள். 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளிடம் சோதித்து 2002-ல் வெளியிட்ட முடிவு, அது வலிப்பைப் பாதிக்குமேல் தடுக்கிறது என்பதாகும்.

இதற்கு நேர்மாறான கேடும் ஒன்றுண்டு. அதை நாமே தேடிக்கொள்கிறோம். முன்பு கத்தி பட்ட தழும்பில் நஞ்சு வேரூன்றினால் அளவுக்கு மீறி ஆழ்ந்து ஒட்டிக்கொள்ளக் கூடும். பிரசவத்தில் அது பிரியாது, உதிரம் பெருகும், பல சமயங்களில் கருப்பையையே எடுக்க நேரும். ஸிஸேரியன் கூடக்கூட இவ்வபாயமும் ஏறுகிறது. மேற்சொன்ன கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும் 100-க்கு 21-க்குச் சற்று மேலாக இருந்த ஸிஸேரியன், தாய்மாரைக் காப்பதில் பெயரெடுத்த தமிழ்நாட்டில் 44-க்கும் மேல்! அவசியமான இடத்தில் கத்தி உயிர் காக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. முகூர்த்தம் பார்த்து வயிற்றைக் கிழிப்பதையே ஆட்சேபிக்கிறோம்.

சட்டசபை அங்கத்தினர்கள் தங்கள் தொகுதியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கட்டும். துணைச் சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா? பன்னிரண்டாவது வாரத்துக்குள் பதிவானவர்கள் எத்தனை பேர்? நோய் முற்றியவரை வண்டியில் ஏற்றுமுன் மக்னீஷியம் முதல் ஊசி போடுகிறார்களா? பிரசவமான பின்னும் சில தினங்கள் வலிப்பு வரக்கூடுமாதலால், வீடு திரும்பிய தாயை அந்த வாரத்தில் நர்ஸ் சென்று பார்க்கிறாரா? வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இவற்றைக் கேட்க அரைமணி நேரம்கூட ஆகாது.