ஒத்திகை பார்த்த துணிச்சல்

வேலை முடிந்து களைத்துப் போன ஒரு தையற்காரப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார், அமெரிக்காவே அதிர்ந்தது. ரோசா பார்க்ஸின் கதையை இப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். இது பாதிக் கதைதான். 1943லேயே மாண்ட்கோமரி நகரில் கறுப்பர் உரிமைச் சங்கத்தின் செயலாளரானவர் அவர். 1955 டிசம்பர் 1 அன்று கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் உரிமைப் போராட்டத்துக்கான பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அவர் கைதான இரவே ஊர் மகளிர் சங்கம் ஒன்று ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்துத் தள்ளியது. அதையொட்டித் தொடங்கிய பஸ் புறக்கணிப்பு 381 நாள் தாக்குப்பிடித்தது சும்மா அல்ல.

நாக்பூரில் மூன்றாண்டு தங்கி காந்தியின் வழியைப் படித்துச் சென்ற ஜேம்ஸ் லாசன், 1959இல் நாஷ்வில் மாணவர்களுக்கு ஒரு தேவாலயத்தில் பாடம் எடுத்தார். வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கவுன்டரில் உட்காருவதுபோல் ஒருவர் உட்கார வேண்டும். மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியோடு தள்ளிவிடுவார்கள். விழும்போது தலையைக் காப்பது எப்படி, பதிலுக்குக் கை ஓங்காமல் இருப்பது எப்படி என்பதே பாடம். 1960 பிப்ரவரியில் உண்மையான கவுன்டர்களில் போய் உட்கார்ந்தபோது அடி நிஜமாகவே விழுந்தது. ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை. மே மாதம் கவுன்டர்கள் கறுப்பர்களுக்கும் திறந்தன.

தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் இன்னொரு பாடம். எழுதப் படிக்கத் தெரியாதென்று சொல்லியே கறுப்பர்களுக்கு ஓட்டுரிமையை மறுத்து வந்தார்கள். 1957இல் முன்னால் மளிகைக் கடை, பின்னால் வகுப்பறை என்று ஒரு பள்ளி தொடங்கியது. வெள்ளையர் கண்ணை உறுத்தாமலிருக்கத்தான் அந்தக் கடை. பாடம் நடத்தியவர், தலைமுடி அலங்காரத் தொழில் செய்துவந்த பெர்னிஸ் ராபின்சன். கையெழுத்துப் போடுவது, மணியார்டர் படிவம் நிரப்புவது, அரசியல் சட்டத்தை வாய்விட்டுப் படிப்பது என அங்கே பாடங்கள் வளர்ந்தன.

ரோசா பார்க்ஸ் பயிற்சி பெற்ற ஹைலேண்டர் பள்ளியை 1961இல் டென்னசி மாநிலம் இழுத்து மூடியது. பயிற்சியின் பலம் ஆள்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. உரிமைப் போராட்டங்களை ஆதரிப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டாமா?

ஆண்டுதோறும் மார்ச் 21 அன்று, இனப் பாகுபாட்டை ஒழிக்க உலகம் உறுதிமொழி எடுக்கிறது. அந்த நாளின் மாநாட்டுக்கும் பதாகைக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை, புகார் எழுதவும், சாட்சியம் சேர்க்கவும், அதிகாரி முன் குரல் நடுங்காமல் பேசவும் சிறு சங்கங்களைப் பழக்குவதற்கு ஒதுக்க வேண்டும். பேரணிக்கு வேன் வாடகைக்குக் கிடைக்கும். நாற்காலியை உதைத்துத் தள்ளும்போதும் கை ஓங்காத நிதானம் வாடகைக்குக் கிடைக்காது.