'பின்தொடராதே' என்று சொன்னால் மட்டும் போதுமா?

ஒருவருக்கு இன்ன நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து அந்த நோயைப் பற்றிப் படிக்கிறார். மனைவிக்கே தெரியாத இந்த விஷயம், முன்பின் தெரியாத நாலைந்து விளம்பரக் கம்பெனிகளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டால் எப்படி இருக்கும்?

வெறும் கற்பனை இல்லை. ஹெல்த்லைன் என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் தளத்தின் மீது கலிஃபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் வைத்த குற்றச்சாட்டு கிட்டத்தட்ட இதுதான். படிப்பவருக்கு என்ன நோய் என்று ஊகிக்க வைக்கும் கட்டுரைத் தலைப்புகள்கூட விளம்பர நிறுவனங்களுக்குப் போயினவாம். அதைவிட மோசம், "என் தகவலைக் கொடுக்காதே" என்று முறைப்படி பொத்தானை அழுத்தியவர்களுடைய தகவலும் போய்க்கொண்டே இருந்ததாம். 2025 ஜூலையில் 15.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்தத் தளம் வழக்கை முடித்துக்கொண்டது.

ஆக, வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான் இருந்தால் மட்டும் போதாது. சொன்னதை மதிக்காதவனைத் தண்டிக்க ஒரு சட்டம் வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

கதை 1994-ல் தொடங்குகிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி 'குக்கீ'யைக் கண்டுபிடித்தார். இணையக் கடையில் கூடையில் போட்ட பொருள், அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறந்துபோகாமல் இருப்பதற்காக வந்த சின்ன ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே விளம்பரக் கம்பெனியின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரம் தளங்களிலும் அதே ஆளை அந்தக் கம்பெனியால் அடையாளம் காண முடியும். காலையில் படித்த செய்தி, மத்தியானம் பார்த்த செருப்பு, ராத்திரி தேடிய மருந்து எல்லாம் ஒரே கணக்கில் ஏறிவிடும்.

இதற்கு மருந்தாக வந்த யோசனை டெலிபோனில் இருந்து வந்தது. 2003-ல் அமெரிக்க அரசு 'அழைக்காதே' பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. அதில் நம்பரைப் பதிந்துகொண்டால் விற்பனைக்காரர்கள் போன் செய்யக் கூடாது. மீறினால் ஒரு அழைப்புக்கு 11,000 டாலர் வரை அபராதம் என்று ஆரம்பித்தார்கள். மோசடிக்காரர்கள் இன்றும் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு கதை. சட்டத்துக்குப் பயந்த கம்பெனிகள் அந்தப் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. இணையத்துக்கும் இதே போல் ஒன்று வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் கேட்டன. 2010 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையமும் தன் அறிக்கையில் 'பின்தொடராதே' என்ற யோசனையை ஆதரித்தது.

2011-ல் ஃபயர்ஃபாக்ஸ் அதைச் செய்தும் காட்டியது. ஒரு பெட்டியில் டிக் செய்தால் போதும், போகிற தளத்துக்கெல்லாம் பிரவுசர் ஒரு குறிப்பை அனுப்பும். குறிப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, '1' என்ற ஒற்றை எண். அதற்கு அர்த்தம், இந்த ஆளைப் பின்தொடராதே. மற்ற பிரவுசர்களும் சேர்ந்துகொண்டன. அதே வருடம் ஜாக்கி ஸ்பியர் பிரதிநிதிகள் சபையிலும், ஜே ராக்ஃபெல்லர் செனட்டிலும் இதைக் கட்டாயமாக்க மசோதா கொண்டுவந்தார்கள். இரண்டும் நிறைவேறவில்லை. தொழில்துறை தானாகவே மதிக்கும் என்ற வாக்குறுதிதான் மிச்சம்.

வாக்குறுதி எத்தனை நாள் தாங்கும்? 2012-ல் மைக்ரோசாஃப்ட், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10-ல் இந்தக் குறிப்பை முதலிலேயே போட்டு வைத்தது. உடனே, "இது பயனர் எடுத்த முடிவு இல்லை, மதிக்க மாட்டோம்" என்று விளம்பரக்காரர்கள் கையை விரித்தார்கள். 2014-ல் யாஹூவும் மதிப்பதை நிறுத்தியது. விதிமுறை எழுத உட்கார்ந்த குழு 2019 ஜனவரியில் கடையைக் கட்டியது. 2025-ல் ஃபயர்ஃபாக்ஸே அந்தப் பெட்டியை எடுத்துவிட்டது.

நடுவில் ஒரு வேடிக்கை. 2013-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. இந்தக் குறிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொரு தளமும் தன் கொள்கைப் பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான்! "கண்டுகொள்ள மாட்டோம்" என்று எழுதினாலும் சட்டத்தை மதித்ததாகவே கணக்கு. பல தளங்கள் அப்படியே எழுதி வைத்தன.

அதே கலிஃபோர்னியா பிறகு பாடம் கற்றுக்கொண்டது. 2018-ல் நிறைவேறி 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த நுகர்வோர் அந்தரங்கச் சட்டம், தன் தகவலை விற்காதே என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தது. பிரவுசர் அனுப்பும் குறிப்பையும் அந்த உரிமையாக ஏற்க வேண்டும் என்று விதிகள் சொல்லின. 2020 அக்டோபரில் 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' என்ற புதிய குறிப்பு வந்தது. பார்த்தால் பழையதேதான், அதே ஒற்றை '1'. பெயர்தான் புதிது. ஆனால் 2022 ஆகஸ்டில், இதை மதிக்கவில்லை என்பதையும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்த்து வந்த வழக்கில் செஃபோரா என்ற அழகுப்பொருள் நிறுவனம் 12 லட்சம் டாலர் கட்டியது. செத்துப்போன '1' சட்டம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. தொழில்நுட்பத்தில் ஒரு எழுத்துகூட புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

விளம்பரம் இல்லாவிட்டால் இலவச இணையம் எங்கே என்பது எதிர்த்தரப்பு வாதம். சின்னத் தளங்களுக்கு வருமானம் குறையும் என்பதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் இந்தச் சட்டம் விளம்பரத்தைத் தடுக்கவில்லையே. கிரிக்கெட் பக்கத்தில் மட்டை விளம்பரம் போட, படிப்பவர் நேற்று எந்த டாக்டரைத் தேடினார் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. பத்திரிகைகள் நூறு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் விளம்பரம் போட்டுப் பிழைத்து வந்திருக்கின்றன.

ஐரோப்பாவைப் பார், தளத்துக்குத் தளம் குக்கீ பெட்டி வந்து உயிரை எடுக்கிறது என்பார்கள். உண்மைதான். 'ஏற்கிறேன்' ஒரே கிளிக், 'மறுக்கிறேன்' நாலு கிளிக் என்று பெட்டியை வடிவமைத்தது யார்? அந்தக் காரணத்துக்காகவே 2022 ஜனவரியில் பிரான்ஸ் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. பிரவுசரில் ஒரு தடவை சொன்னதை எல்லாத் தளமும் கேட்டாக வேண்டும் என்றால் இந்தப் பெட்டித் தொல்லையே பாதி குறைந்துவிடும்.

அமெரிக்கா முழுவதற்குமான சட்டம்தான் வராமலே நிற்கிறது. 2022-ல் ஒரு மசோதா குழுவில் 53-க்கு 2 என்று ஜெயித்தும் சபையில் ஓட்டெடுப்புக்கு வரவில்லை. 2024-ல் வந்த இன்னொன்றும் படுத்துவிட்டது. நினைத்தால் வேகமாகச் செய்யக்கூடியவர்கள்தான். 1987-ல், உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ராபர்ட் போர்க் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியல் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. மறு வருடமே, வீடியோ கடைகள் அப்படிப் பட்டியலை வெளியே கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நாளைக்கு நம் பட்டியலும் வெளியே வரலாம் என்ற பயம் உறுப்பினர்களுக்கு இருந்திருக்காதா என்ன? :-)

கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி போயிருக்கிறது. குறிப்பு அனுப்பும் வசதி எல்லா பிரவுசரிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற மசோதாவை 2024-ல் கவர்னர் நியூசம் நிராகரித்தார். செல்போன் இயங்குதளங்களை விட்டுவிட்டு, பிரவுசர்களுக்கு மட்டும் என்று திருத்தி வந்ததில் 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டார். 2027 ஜனவரி 1 முதல் அமல். இருந்தாலும் பயனர்தான் தேடிப்போய் அந்தப் பெட்டியில் டிக் செய்ய வேண்டும். ராத்திரி பயத்தோடு நோயைப் பற்றித் தேடுகிறவர் முதலில் செட்டிங்ஸுக்குப் போவாரா? அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே பின்தொடரக் கூடாது, வேண்டுமென்றால் கம்பெனிதான் வந்து அனுமதி கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டம் இன்னும் சொல்லவில்லை.