பெயர் மாறியது, சாவி மாறியதா?

பழைய கார் வாங்கும்போது 29-ஆம் நம்பர் படிவம், 30-ஆம் நம்பர் படிவம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இரண்டு சாவி எல்லாம் கைக்கு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இப்போதைய கார்களில் மூன்றாவதாக ஒரு சாவி உண்டு. அது விற்றவரின் செல்போனில் இருக்கிறது. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் இரண்டும் வந்தபோது இன்டர்நெட் வசதியைச் சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். காருக்குள்ளேயே சிம் இருக்கும். செல்போனில் 'கதவைத் திற' என்று தொட்டால் அது கம்பெனி சர்வருக்குப் போகும். இந்த ஆள் பேரில் இந்த வண்டி பதிவாகியிருக்கிறதா என்று அங்கே பார்த்துவிட்டுத்தான் காருக்கு உத்தரவு வரும். ஆக, ஒரே வண்டிக்கு இரண்டு பதிவேடு. ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாறினாலும் சர்வரில் தானாக மாறாது. (பட்டா ஒருவர் பேரிலும் பத்திரம் இன்னொருவர் பேரிலும் இருந்தால் என்ன நடக்கும் என்று ஆலங்குளத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.)

2015-இல் அமெரிக்காவில் மில்லர், வாலசெக் என்ற இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப்பை வீட்டிலிருந்தே நிறுத்திக் காட்டினார்கள். அந்தக் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதெல்லாம் பெரிய மூளைக்காரர்கள் வேலை. கண்டுபிடித்தால் கம்பெனி அடைத்துவிடும். என் கவலை, ஹேக்கரே தேவைப்படாத ஓட்டையைப் பற்றியது. ஐ.பி.எம்.மில் பாதுகாப்புப் பிரிவில் இருந்த சார்லஸ் ஹெண்டர்சன் 2017-இல் இதைச் சொன்னார். காரைக் கொடுத்துச் சில வருஷம் ஆன பிறகும் அது எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரிந்தது. கதவைத் திறக்கவும் முடிந்தது.

என் மருமகன் திருநெல்வேலியில் ஒரு பழைய கார் வாங்கினார். "பழைய ஓனர் ஆப்பிலிருந்து வண்டியை எடுத்துவிட்டாரா?" என்று புரோக்கரைக் கேட்டேன். "நாலு டயரும் புதுசு சார்" என்றார். விற்றவரோ துபாய் போய்விட்டார். நல்ல மனிதர்தான், ஆனாலும் அவரைப் பிடித்துப் பெயரை எடுக்க வைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை வண்டி எப்போது குற்றாலம் போகிறது, என் மகள் எத்தனை மணிக்குத் தனியாகப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிறாள் என்பதெல்லாம் முகம் தெரியாத ஒருவர் நினைத்தால் பார்த்திருக்கலாம்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். பிரான்சில் ஆர்.சி.யைக் 'கார்த் க்ரீஸ்', அதாவது சாம்பல் அட்டை, என்பார்கள். விற்கிறவர் அதன் குறுக்கே கோடு போட்டு, 'விற்றாயிற்று' என்று தேதியோடு மணியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மணி எதற்கு? ஐந்து மணிக்கு விற்ற வண்டி ஆறு மணிக்கு யாரையாவது இடித்தால் பொறுப்பு யாருடையது என்று தெரிய வேண்டாமா?

என்னைக் கேட்டால் இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 29-ஆம் படிவத்தில் 'இன்ன தேதி, இன்ன மணிக்கு ஆப்பிலிருந்து என் பெயரை நீக்கினேன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மத்திய அரசின் விதிப்படி உள்ள படிவம், அதனால் டெல்லியில்தான் மாற்ற வேண்டும். தென்காசி ஆர்.டி.ஓ.வைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த வரி வரும்வரை, மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பே விற்கிறவரை உங்கள் எதிரிலேயே ஆப்பைத் திறந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள். உங்கள் நம்பரைப் பதிந்துகொண்டு, கதவு உங்கள் போனுக்குத் திறக்கிறதா, அவர் போனுக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். டயரை அப்புறம் பார்க்கலாம்.