பயத்தின் மேல் போடும் பழி

புற்றுநோய் விழிப்புணர்வு மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் கருத்து ஒன்று உண்டு. மக்களுக்கு அந்த நோயைப் பற்றித் தெரியவில்லை, அதனால் பயப்படுகிறார்கள். பயப்படுவதால் பரிசோதனைக்கு வருவதில்லை. கடைசியில் முற்றிய பிறகு வந்து உயிரை விடுகிறார்கள் என்பது அது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெய்வேலி போன்ற ஓர் ஊரில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் சாம்பல் ஏரிக்கும் பக்கத்தில் வாழ்கிறவர்களைப் பார்த்து இதைச் சொல்வது அநியாயம். பயத்தை நோயாக்கி, பயப்படுகிறவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு இது.

இவர்கள் பயந்த சுபாவம் உள்ளவர்கள் அல்லர். 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து நடந்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர் வெடித்து ஆறு பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள்; படுகாயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் மேலும் சிலர் பிழைக்கவில்லை. அதன் பிறகும் ஷிஃப்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். தினமும் பாய்லர் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவர் கேன்சர் என்ற சொல்லைக் கேட்டு வாயடைத்துப்போகிறார் என்றால், அவர் அஞ்சுவது சாவை மட்டுமல்ல. சாவு வருவதற்கு முன்னால் வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதை அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒருவரை அடையாறுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்றாலே என்ன வியாதி என்று விளங்கிக்கொள்ளும் தமிழ்நாட்டில், நோயின் பெயர் யாருக்கும் புதிதல்ல.

அவர்கள் போட்ட கணக்கு தப்பா என்று பார்த்தால், அதுவும் இல்லை. உலகளாவிய மதிப்பீடுகளின்படி 2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம். அதே ஆண்டில் அந்நோயால் இறந்தவர்கள் 9 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவில் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 24 லட்சம், இறந்தவர்கள் 6 லட்சம். ஓர் ஆண்டில் இறந்தவர்கள் எல்லாரும் அந்த ஆண்டில் நோய் கண்டவர்கள் அல்லர். இரண்டு நாடுகளிலும் அதிகம் வரும் புற்றுநோய் வகைகளும் ஒன்றல்ல. ஆகவே இதை அப்படியே பிழைப்பு விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்றாலும், அங்கே நாலில் ஒன்று, இங்கே மூன்றில் இரண்டு என்கிற இடைவெளி, தெருவில் நடந்த சாவுகளை எண்ணிப் பார்த்து ஒரு குடும்பம் வந்து சேர்ந்த முடிவோடு ஒத்துப்போகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் என்பது உண்மைதான். ஆனால் குணமானவரைத் தன் தெருவில் பார்த்தவருக்குத்தான் அந்த வாக்கியம் தைரியம் தரும்.

காப்பீடு இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அது பெரிய உதவி, குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் நடக்கும். புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ அத்தனை நாள் போய் இருக்க வேண்டும். கூட ஓர் ஆள் வேண்டும். இரண்டு பேருடைய கூலியை இந்தக் காப்பீடு திருப்பித் தருவதில்லை. மருத்துவ வசதியும் விடுப்பும் உள்ள நிரந்தரத் தொழிலாளியும், வேலைக்குப் போனால்தான் சம்பளம் என்றிருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே நோய்க்கு ஒரே அளவு பயப்படுவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அடுத்த குற்றச்சாட்டு, புகைபோக்கியைப் பார்த்துப் பயப்படுவது வதந்தி என்பது. இங்கே இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிக்காற்றின் மாசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்து, புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில் சேர்த்தது. நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தின் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதிக் காற்றை ஆராய்ந்த நீரி நிறுவனம், அங்கே வாழ்கிறவர்களுக்குப் புற்றுநோய் வரும் அபாயம் வழக்கத்தைவிட 2000 மடங்கு என்று மதிப்பிட்டது. அது காற்றிலிருந்த வேதிப்பொருள்களை வைத்துப் போட்ட கணக்கே தவிர, நோயாளிகளை எண்ணிச் சொன்னது அல்ல. ஆனால் அதைச் சொன்னது மத்திய அரசின் ஆய்வு நிறுவனம். டீக்கடைப் பேச்சு அல்ல. அதே சமயம், பயத்தை ஆதரிக்கிற தரப்பும் கவனமாகப் பேச வேண்டும். நெய்வேலி சுற்றுவட்டாரத் தண்ணீரில் பாதரசம் இருப்பதாக 2023இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அமைப்புகளின் ஆய்வு சொன்னதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. பாதரசம் முதலில் தாக்குவது நரம்பையும் சிறுநீரகத்தையும். அதைக் கேன்சர் என்று சொல்லிப் போராடினால், உண்மையான கேடு மறைந்துபோகும். பீடியும் புகையிலையும் எந்தப் புகைபோக்கியையும்விட நெருக்கத்தில் இருந்து கொல்கின்றன என்பதையும் மறுக்கக் கூடாது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மூடக் கூடாது, அவ்வளவுதான்.

தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து நோயாளிக்குத் தனித் தட்டு வைப்பது அறியாமைதான். அதைப் போக்கத்தான் வேண்டும். ஆனால், மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று தாய் தன் மார்பிலுள்ள கட்டியை மறைக்கிறாள் என்றால், அறியாமை அவளிடம் இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் இருக்கிறது.

இனி முக்கியமான கண்ணிக்கு வரலாம்: பயத்தால்தான் யாரும் பரிசோதனைக்கு வருவதில்லை என்பது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். பயத்துக்குச் சான்றாக இந்த எண்ணைக் காட்டலாம். ஆனால் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000இல் தொடங்கிய ஆய்வில், அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள், அதாவது 63.6 சதவீதம். அவர்களும் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள்தான், கூச்சமும் பயமும் அவர்களுக்கும் இருந்திருக்கும். 2007இல் வெளியான முடிவுகளின்படி, அந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு அங்கே 35 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் பெண்களிடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. பரிசோதனை ஊருக்கே வந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களே வினிகர் அமிலம் தடவிப் பார்த்தார்கள். சந்தேகமான திசு தெரிந்தால், முடியக்கூடியவர்களுக்கு அதே நாளில் குளிர்வித்து அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே செய்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.